எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போனுக்கு ஆம்ப்ளிஃபையர் தேர்ந்தெடுப்பது எப்படி

எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போன் வாங்கியவர், தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரில் அதைச் செருகிக் கேட்க முடியாது. அதன் பிளக் வேறு. அது கேட்கும் மின்னழுத்தமும் வேறு. சாதாரண ஹெட்போன் சில வோல்ட்டுகளிலேயே உரக்க ஒலித்துவிடும். இதற்கோ அதே அளவு ஒலிக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்படுகிறது. அதோடு, இசை ஓடாத நேரத்திலும் அதன் சவ்வின் மீது நிலையான உயர் மின்னழுத்தம் ஒன்று இருந்தாக வேண்டும். ஆகவே ஆம்ப்ளிஃபையரை இந்த ஹெட்போனின் மறுபாதியாகவே கருத வேண்டும்.

விளம்பரத் தாள்களில் முதலில் கண்ணில் படுபவை இரண்டு: அதிகபட்ச வெளியீட்டு மின்னழுத்தம், உள்ளே இருப்பது வால்வா (வெற்றிடக் குழாயா) டிரான்சிஸ்டரா என்ற செய்தி. வாங்குபவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டை வைத்தே முடிவெடுக்கிறார்கள். உரத்த இசையின் உச்ச அதிர்வெண்களில் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு மின்னோட்டத்தைத் தடுமாறாமல் தருகிறது என்பதும், அத்தனை உயர்ந்த மின்னழுத்தத்தை எவ்வளவு பாதுகாப்பாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பதும் அவற்றைவிட முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து. அது ஏன் என்று புரிய, ஹெட்போன் இயங்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட வேண்டும்.

துளைகளிட்ட இரண்டு கடத்தித் தகடுகளுக்கு நடுவில், எதையும் தொடாமல், மிக மெல்லிய சவ்வு ஒன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. தகடுகளை ஸ்டேட்டர் என்பார்கள். சவ்வின் மேல் பூசப்பட்டுள்ள பூச்சு மிக உயர்ந்த மின்தடை கொண்டது. முன்பு சொன்ன நிலையான உயர் மின்னழுத்தம் பல மெகாஓம் தடை ஒன்றின் வழியாக அதற்குத் தரப்படுகிறது. அதைத்தான் பயாஸ் என்பார்கள். இதனால் சவ்வில் ஏறிய மின்னூட்டம் இசையின் வேகத்துக்கு ஈடுகொடுத்து நகர முடியாமல், ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. ஆம்ப்ளிஃபையர் ஒரு தகட்டை நேர்த்திசையிலும் மற்றதை அதே அளவு எதிர்த்திசையிலும் இயக்கும்போது, சவ்வை ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கிறது. மின்னூட்டம் மாறாமல் இருப்பதால்தான் விசை மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. இந்த ஹெட்போன்களின் குறைந்த திரிபுக்கு அடிப்படை அதுவே. வாங்குபவர் நினைவில் கொள்ள வேண்டியவை இதிலிருந்து இரண்டு: பயாஸ் பொருந்த வேண்டும், ஆம்ப்ளிஃபையரின் பார்வையில் இந்த ஹெட்போன் ஒரு சிறிய மின்தேக்கி.

பயாஸும் பிளக்கும்

முதலில் ஹெட்போனை முடிவு செய்யுங்கள். ஹெட்போனுக்கும் ஹெட்போனுக்கும் உள்ள வேறுபாடு, நல்ல இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் பெரியது. பிறகு அதன் பயாஸ் எத்தனை வோல்ட், பிளக்கில் எத்தனை பின் என்று பாருங்கள்.

இந்தத் துறையின் அளவுகோல்களை வகுத்தது ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம். 1960-இல் எஸ்ஆர்-1 என்ற முதல் எலக்ட்ரோஸ்டேடிக் ஹெட்போனை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பழைய மாடல்களுக்கு 230 வோல்ட் பயாஸும் ஆறு பின் பிளக்கும் இருந்தன. இதை நார்மல் பயாஸ் என்பார்கள். பின்னர் வந்த புரோ பயாஸ் 580 வோல்ட். அதன் பிளக்குக்கு ஐந்து பின். எஸ்ஆர்-007, எஸ்ஆர்-009, எஸ்ஆர்-எக்ஸ்9000, லாம்டா வரிசையின் இன்றைய மாடல்கள் ஆகிய எல்லாமே புரோ வகையைச் சேர்ந்தவை. ஆடெஸியின் சிஆர்பிஎன், டான் கிளார்க் ஆடியோவின் வோச்சே போன்ற பிற நிறுவனங்களின் ஹெட்போன்களும் இதே 580 வோல்ட் ஏற்பாட்டைப் பின்பற்றுவதால், ஐந்து பின் சாக்கெட் உள்ள ஓர் ஆம்ப்ளிஃபையர் பல ஹெட்போன்களுக்கு உதவும். விலக்குகளும் உண்டு. காஸ் இஎஸ்பி/950-க்கு 600 வோல்ட் பயாஸும் அதற்கென்றே தனிப் பிளக்கும் உள்ளன. சென்ஹைசரின் பழைய ஆர்ஃபியஸ் எச்இ 90, 500 வோல்ட்டில் இயங்குவது.

பயாஸ் சற்றுக் குறைந்தால் கேடு ஒன்றுமில்லை. ஒலி மட்டும் குறையும். 580 வோல்ட் ஹெட்போனை 500 வோல்ட்டில் இயக்கினால் இழப்பு 1.3 டெசிபல்தான். 230 வோல்ட்டில் இயக்கினால் 8 டெசிபல் குறையும். கேட்க முடியும், ஆனால் ஆம்ப்ளிஃபையர் அந்த 8 டெசிபலையும் தன் கையிருப்பிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். இதன் மறுதிசைதான் ஆபத்தானது. 230 வோல்ட்டுக்கென்று குறுகிய இடைவெளியில் கட்டப்பட்ட சவ்வுக்கு 580 வோல்ட் கொடுத்தால், சவ்வு தகட்டில் ஒட்டிக்கொள்ளவோ, பொறி பாய்ந்து துளைபடவோ கூடும். இதைத் தடுக்கவே ஆறு பின் பிளக் ஐந்து பின் சாக்கெட்டில் நுழையாதபடி அமைத்திருக்கிறார்கள். அந்தத் தடையைக் கடக்க உதவும் மாற்றுப் பிளக்குகள் சந்தையில் கிடைக்கின்றன. அவற்றின் உள்ளே பயாஸைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று எழுத்தில் உறுதி பெறாமல் எதையும் செருக வேண்டாம்.

மின்னோட்டக் கணக்கு

எஸ்ஆர்-009-இன் மின்தேக்குத்திறன், கம்பியையும் சேர்த்து, 110 பைக்கோஃபாரட். மிகச் சிறிய அளவுதான். ஆனால் மின்தேக்கியின் மின்மறுப்பு அதிர்வெண் உயர உயரக் குறைந்துகொண்டே போகும். 100 ஹெர்ட்ஸில் அது 14 மெகாஓமுக்கும் மேல். ஆம்ப்ளிஃபையருக்குச் சுமையே இல்லை எனலாம். 10 கிலோஹெர்ட்ஸில் 145 கிலோஓம் ஆகிவிடுகிறது. அந்த அதிர்வெண்ணில் 300 வோல்ட்டை நிலைநிறுத்த 2 மில்லியாம்பியர் வேண்டும். உச்சத்தில் ஏறத்தாழ 3 மில்லியாம்பியர். 20 கிலோஹெர்ட்ஸில் 400 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் உச்ச மின்னோட்டம் 8 மில்லியாம்பியரை நெருங்கும். தகடுகளுக்கிடையே மின்னழுத்தம் ஒரு மைக்ரோ வினாடிக்கு 70 வோல்ட்டுக்கு மேல் மாற வேண்டியிருக்கும். இசையில் 20 கிலோஹெர்ட்ஸில் அவ்வளவு ஆற்றல் வருவதில்லை என்பது உண்மை. ஆயினும் பெரிய வாத்தியக் குழு முழுவதும் உரக்க ஒலிக்கும் நேரத்தில் சிம்பல் ஒன்று மோதினால், பெரிய மின்னழுத்தமும் வேகமான மாற்றமும் ஒரே கணத்தில் தேவைப்படுகின்றன. மின்னோட்டம் போதாத ஆம்ப்ளிஃபையர் அங்கேதான் தடுமாறும். மெதுவாகக் கேட்கும்போது இனிமையாக இருந்த உச்ச ஒலி, வால்யூமை உயர்த்தியதும் கடுமையாகவும் மங்கலாகவும் மாறினால், பழியை ஹெட்போன் மீது போடுவதற்குமுன் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

இவ்வகை ஆம்ப்ளிஃபையர்களில் தரமானவை பெரும்பாலும் கிளாஸ் ஏ முறையில் இயங்குகின்றன. அதாவது இசை இல்லாதபோதும் வெளியீட்டுப் பகுதியில் ஒரு நிலை மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எல்லைக்குள்தான் ஆம்ப்ளிஃபையரின் ஒழுங்கும் இருக்கும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வெளியீட்டுப் பகுதியின் ஒவ்வொரு பக்கத்திலும் நிலை மின்னோட்டம் எத்தனை மில்லியாம்பியர் என்பதே. என் கணிப்பில், மிதமான ஒலியளவில் கேட்பவர்களுக்கு 5 மில்லியாம்பியர் அளவு போதுமானது. உரக்கக் கேட்பவர்களும், எஸ்ஆர்-007 போன்ற வலுவான ஆம்ப்ளிஃபையரை விரும்பும் ஹெட்போனை வைத்திருப்பவர்களும் 10 மில்லியாம்பியருக்குக் குறையாததைத் தேடுவது நல்லது.

இரண்டாவது கேள்வி, அந்த மின்னோட்டம் யாருக்குப் போகிறது என்பது. பழைய வடிவமைப்புகளில் வெளியீட்டு வால்வுக்கோ டிரான்சிஸ்டருக்கோ சுமையாக வெறும் தடை ஒன்றை வைத்திருப்பார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது அந்தத் தடை தன் பங்கை விழுங்கிக்கொள்ளும். ஹெட்போனுக்கு மிச்சம்தான் கிடைக்கும். தடைக்குப் பதிலாக மாறா மின்னோட்ட மூலத்தைச் சுமையாக வைத்த வடிவமைப்பில், நிலை மின்னோட்டம் ஏறத்தாழ முழுவதும் ஹெட்போனுக்குக் கிடைக்கிறது. கெவின் கில்மோர் வடிவமைத்து, ஹெட்ஆம்ப் நிறுவனம் தயாரிக்கும் புளூ ஹவாய் இத்தனை ஆண்டுகளாக மதிக்கப்படுவதற்கும், அவருடைய கேஜிஎஸ்எஸ்எச்வி, கார்பன் ஆகிய சுற்றுகளை உலகெங்கும் ஆர்வலர்கள் கட்டுவதற்கும் இந்தத் தாராளமான மின்னோட்டம் ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

கம்பியும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. நீட்டிப்புக் கம்பி ஒன்று 110 பைக்கோஃபாரட்டைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரின் சுமை அப்படியே இரட்டிக்கும். சென்ஹைசர் 2015-இல் அறிவித்த எச்இ 1-இல் கடைசி மின்னழுத்தப் பெருக்கத்தை ஹெட்போனின் காதுக்கிண்ணங்களுக்குள்ளேயே வைத்ததன் பயன்களில் ஒன்று, கம்பியின் மின்தேக்குத்திறனை உயர் மின்னழுத்தத்தில் இயக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. நம்மால் செய்யக்கூடியது எளியது: நாற்காலியை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நீட்டிப்பு இல்லாமல் கேட்பது.

எத்தனை வோல்ட் போதும்?

எஸ்ஆர்-009, 100 வோல்ட்டுக்கு 101 டெசிபல் தருகிறது. எஸ்ஆர்-007 100 டெசிபல். ஸ்டாக்ஸின் சிறிய ஆம்ப்ளிஃபையரான எஸ்ஆர்எம்-252எஸ் அதிகபட்சம் 280 வோல்ட் தருவது, எஸ்ஆர்எம்-353எக்ஸ் 400, வால்வு கொண்ட எஸ்ஆர்எம்-007டி2 340, எஸ்ஆர்எம்-727 450. 280-க்கும் 450-க்கும் நடுவே பெரிய தொலைவு இருப்பதுபோல் தோன்றுகிறது. டெசிபலில் அது 4 மட்டுமே. 280 வோல்ட்டிலேயே எஸ்ஆர்-009 ஏறத்தாழ 110 டெசிபல் ஒலிக்கும். நீடித்துக் கேட்டால் செவியைக் கெடுக்கும் அளவு அது. எனவே 300 வோல்ட்டைத் தாண்டிய எந்த ஆம்ப்ளிஃபையரும் ஒலியளவைப் பொறுத்தவரை போதுமானதே. உயர்ந்த எண்ணின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: எல்லையிலிருந்து தொலைவில் இயங்கும்போது திரிபு குறைகிறது, பதிவில் திடீரென்று எழும் உச்சங்கள் வெட்டுப்படாமல் வருகின்றன. அதற்காக 400 வோல்ட் அருகே உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை. அளவு எந்த அதிர்வெண்ணில் எடுக்கப்பட்டது என்றும் பாருங்கள். வழக்கமாக 1 கிலோஹெர்ட்ஸில்தான் எடுப்பார்கள், அங்கே சுமை மிக லேசானது. 20 கிலோஹெர்ட்ஸிலும் அதே மின்னழுத்தத்தைத் தருவதாகச் சொல்லி, அதற்கான அளவீட்டையும் வெளியிடும் தயாரிப்பாளரை நான் கூடுதலாக நம்புவேன்.

பலரும் கவனிக்காமல் விடுவது பெருக்கத்தின் அளவு. இவ்வகை ஆம்ப்ளிஃபையர்கள் பல 60 டெசிபல் அளவுக்கு, அதாவது ஆயிரம் மடங்கு பெருக்குபவை. 400 வோல்ட் வெளியீட்டுக்கு 0.4 வோல்ட் உள்ளீடே போதும். டிஜிட்டல் இசையை மின்சமிக்ஞையாக மாற்றித்தரும் இன்றைய டிஏசி-கள் சாதாரண வெளியீட்டில் 2 வோல்ட்டும், ஒரே சமிக்ஞையை எதிரெதிர்த் திசையில் இரண்டு கம்பிகளில் அனுப்பும் சமநிலை வெளியீட்டில் 4 வோல்ட்டும் தருகின்றன. இதனால் வால்யூம் குமிழை அதன் சுழற்சியின் தொடக்கத்திலேயே வைத்துக் கேட்க வேண்டியதாகிறது. மலிவான வால்யூம் கட்டுப்பாட்டில் இடது வலது சமன் மிக மோசமாக இருக்கும் பகுதி அதுதான். படிப்படியாக மாறும் ரிலே வகைக் கட்டுப்பாடு உள்ள ஆம்ப்ளிஃபையர் இதற்கு நல்ல தீர்வு. இல்லையென்றால் டிஏசி-யின் வெளியீட்டை 10 டெசிபல் அளவு குறைத்துவைக்கலாம். வெளியீடு இயல்பிலேயே சமநிலைச் சுற்று என்பதால் சமநிலை உள்ளீடு இதற்கு இயற்கையாகப் பொருந்துகிறது; ஆனால் நல்ல சுற்று சாதாரண ஆர்சிஏ உள்ளீட்டையும் குறையில்லாமல் ஏற்கும், அதற்காக மட்டும் டிஏசி-யை மாற்ற வேண்டியதில்லை.

வால்வா, டிரான்சிஸ்டரா?

இரண்டிலும் மிகச் சிறந்தவை இருக்கின்றன. வால்வுகள் இயல்பாகவே நூற்றுக்கணக்கான வோல்ட்டில் இயங்குபவை. ஆகவே இந்த வேலைக்கு அவை செயற்கையான தேர்வு என்று சொல்ல முடியாது. உயர் மின்னழுத்த டிரான்சிஸ்டர்கள் வந்தபிறகு வால்வு இல்லாமலும் அதே தரத்தை எட்ட முடிகிறது. எனவே ஒலியின் நிறத்தைப் பற்றிய வாதத்தில் நேரம் செலவிடுவதைவிட, பராமரிப்பைப் பற்றி யோசிப்பது பயன் தரும். புளூ ஹவாயில் உள்ள இஎல்34 வால்வை இன்றும் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அரிய வால்வு ஒன்றை நம்பியிருக்கும் ஆம்ப்ளிஃபையரில் அந்த நிம்மதி இல்லை. வால்வை மாற்றியபின் நிலை மின்னோட்டத்தையும் வெளியீட்டுச் சமனையும் மறுபடி சரிசெய்ய வேண்டுமா, அதை யார் செய்வார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பம் எவ்வகையிலும் உண்டு. நேர் 400, எதிர் 400 வோல்ட் மின்வழங்கலில் நான்கு வெளியீட்டுப் பக்கங்களும் (காதுக்கு இரண்டு) தலா 15 மில்லியாம்பியர் எடுத்தால், இசை ஓடாமலே 48 வாட் வெப்பமாகும். நான்கு இஎல்34-களின் இழைகள் இன்னும் 38 வாட்டைச் சேர்க்கும். மூடிய அலமாரியில் வைக்கப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மின்மாற்றிப் பெட்டி

ஸ்டாக்ஸின் எஸ்ஆர்டி-7 போன்ற பெட்டிகள் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டை மின்மாற்றி மூலம் உயர்த்தி, பயாஸையும் சேர்த்துத் தருகின்றன. விகிதம் 1:25 என்று கொண்டால் 15 வோல்ட் 375 வோல்ட்டாகும். 8 ஓமுக்கு 30 வாட் தரும் எந்த ஆம்ப்ளிஃபையரும் அந்த 15 வோல்ட்டைத் தரும். நல்ல ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர் கையில் இருப்பவர்களுக்கு இது சிக்கனமான, மரியாதைக்குரிய வழி. மின்மாற்றியே இதன் எல்லை. அடி ஒலியில் அதன் உள்ளகம் நிறைவுற்றுத் திரிபு கூடும். மேல் ஒலியில் சுருளின் கசிவுத் தூண்டலும் மின்தேக்குத்திறனும் குறுக்கிடும். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலும் அதே விகிதத்தில் பெருகும் என்பதால் அமைதியான ஆம்ப்ளிஃபையராகத் தேர்ந்தெடுங்கள். வெளியீட்டின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் பிரிட்ஜ் முறை ஆம்ப்ளிஃபையரின் எதிர்முனையைப் பூமியிணைப்போடு சேர்த்துவிடும் பெட்டியும் உண்டு. ஆம்ப்ளிஃபையர் எரிந்துபோகலாம் என்பதால், இணைக்குமுன் இரண்டின் கையேட்டையும் படித்துவிட வேண்டும்.

பாதுகாப்பும் பழைய பொருளும்

பல நூறு வோல்ட் சுமந்த கம்பியைத் தலையில் மாட்டிக்கொள்கிறோம். ஆகவே இந்தப் பகுதியில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வெளியீட்டுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தொடர் தடைகள் இருக்கின்றனவா, சாக்கெட்டின் காப்புப் பொருள் டெஃப்லான் போன்ற தரமானதா, உலோகப் பெட்டி பூமியிணைப்புப் பெற்றதா என்று கேளுங்கள். தனிநபர் கட்டிய ஆம்ப்ளிஃபையரானால் உள்ளே எடுத்த படங்களை வாங்கி, உயர் மின்னழுத்தச் சுற்றுகளை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நிறுத்திய பிறகும் மின்தேக்கிகளில் மின்னழுத்தம் தங்கியிருக்கும்; பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்கக் கூடாது. சாதாரண மல்டிமீட்டரின் முனைகளை வெளியீட்டுச் சாக்கெட்டில் நுழைக்கவும் கூடாது. ஹெட்போனைச் செருகும்போதும் எடுக்கும்போதும் ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிடுங்கள்.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான பொருள் 100 வோல்ட் மின்சாரத்துக்கு உரியது. உங்கள் வீட்டு மின்சாரம் வேறானால் தகுந்த மின்மாற்றியின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருபது முப்பது ஆண்டு பழைய ஆம்ப்ளிஃபையரில் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் மாற்றப்பட்டனவா என்று கேளுங்கள். இரண்டு ஸ்டேட்டர்களுக்கு இடையிலான நேர்திசை (டிசி) மின்னழுத்த வேறுபாட்டைத் தொழில்நுட்பர் அளந்த தாள் இருந்தால் மிக நல்லது. அந்த வேறுபாடு பெரிதானால் சவ்வு ஒரு பக்கமாக இழுபட்டுத் திரிபு கூடும்.

கேட்டுப் பார்க்கும்போது

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒப்பிடுவதானால் ஒலியளவைச் சமமாக்காமல் ஒப்பிடாதீர்கள். ஒரு டெசிபல் உரத்து ஒலிப்பது, தெளிவு கூடியதுபோல் காதை எளிதில் ஏமாற்றிவிடும். காதுக்கிண்ணத்தைத் தட்டையான பலகையில் பதித்து, நடுவே ஒலிமானியின் மைக்கை வைத்து, ஒரே சோதனை ஒலியால் இரண்டையும் சமப்படுத்தலாம். அரை மணி நேரம் சூடாக விடுங்கள். பிறகு அடர்த்தியான, உரத்த பதிவுகளையே தேர்ந்தெடுங்கள். தனிக்குரலும் கிட்டாரும் மட்டும் உள்ள மென்மையான பதிவில் எந்த ஆம்ப்ளிஃபையரும் நன்றாகவே ஒலிக்கும். பெரிய கோரஸ் உச்சத்துக்கு ஏறும்போது தனித்தனிக் குரல்கள் பிரிந்தே நிற்கின்றனவா, சிம்பலின் ஒலி உலோகமாகவே கேட்கிறதா அல்லது வெறும் இரைச்சலாகிறதா, டிரம்மின் அடி வால்யூமோடு சேர்ந்து வளர்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரு பக்கம் மெலிந்து ஒலித்தால் அவசரப்பட வேண்டாம். நெடுநாள் பயன்படுத்தாத ஹெட்போனில் மின்னூட்டம் சவ்வு முழுவதும் பரவச் சில நிமிடங்கள் ஆகலாம். அதன்பிறகும் நீடித்தால், ஆம்ப்ளிஃபையரை நிறுத்திவிட்டு, உள்ளீட்டுக் கம்பிகளை இடம் வலமாக மாற்றிச் செருகுங்கள். மெலிந்த பக்கம் மாறினால் குறை டிஏசி-யிலோ கம்பியிலோ இருக்கிறது. மாறாவிட்டால், ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்ப்பதால் பயனில்லை, ஏனெனில் பிளக் அதே திசையில்தான் நுழையும். நன்றாக இயங்குவதாகத் தெரிந்த இன்னொரு ஹெட்போனை அதே சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். அதிலும் அதே பக்கம் மெலிந்தால் அந்த ஆம்ப்ளிஃபையரை வாங்க வேண்டாம்.